ஸ்னோபோர்டு பூட்ஸ்: லைனர் கழல்வதா, தைத்ததா?

கனடாவின் விஸ்லர் மாதிரி கடலோர மலைகளில் பனி ஈரமானது. அங்கே ஒரு முழு நாள் ஸ்னோபோர்டுப் பலகையில் சறுக்கினால் பூட்ஸுக்குள் ஈரம் இரண்டு வழியாக வரும்: மேலே உருகும் பனி, உள்ளே கால் வியர்வை. லைனர் (ஷெல் என்ற வெளிக்கூட்டுக்குள் இருக்கும் மெத்தென்ற உள்காலணி) கழல்கிற பூட்ஸ் என்றால் இரவில் அதை உருவி, பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலையும் தனியே எடுத்து, அறைச் சூட்டில் வைத்துவிட்டால் காலையில் பெரும்பாலும் காய்ந்திருக்கும். தைத்த லைனருக்குக் காற்றுப் போக மேல்வாய் ஒன்றுதான் வழி. விரல் பக்கம் மறுநாளும் பிசுபிசுக்கும். விரல் மரத்துப்போவது அந்த ஈரத்தில்தான் தொடங்குகிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் மலையில் இருக்கப் போகிறவர்கள் கழல்வதையே வாங்குங்கள்.

கடையில் கண்டுபிடிக்க: லேஸை முழுக்கத் தளர்த்தி, பூட்ஸின் நாக்கை முன்னால் இழுத்து, லைனரின் குதிகால் பகுதியைப் பிடித்து மேலே இழுங்கள். மேல்வாய் ஓரத்தில் தையல் ஓடினால் அது வராது. விலை குறைந்த மாடல்களிலும் சின்னப் பிள்ளைகள் அளவுகளிலும்தான் தைத்த லைனர் அதிகம்.

*

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஹீட்டர் மேலோ கணப்பு அடுப்புப் பக்கத்திலோ லைனரை வைக்கவே கூடாது. அதிலுள்ள ஃபோம் சூட்டில் உருவம் மாறுகிற வகை. சுருங்கிவிட்டால் அளவே போச்சு. ஷெல்லின் பசையும் விடும்.

திரும்ப மாட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். லைனரின் குதிகால் ஷெல்லின் பின்சுவரில் போய் உட்காராவிட்டால், நடக்கும்போது குதிகால் எழும்பும், விரல்கள் முன்னால் இடிக்கும். நாக்கு ஒரு பக்கம் மடங்கியிருந்தால் மதியத்துக்குள் முன்னங்கால் எலும்பில் வலி கண்டுவிடும். லேஸை அடிவரை தளர்த்துங்கள். லைனரைக் காலில் போட்டு, அதன் உள்லேஸைக் கட்டி, பிறகு காலோடு ஷெல்லுக்குள் இறங்குங்கள். குதிகாலைத் தரையில் நாலு தட்டுத் தட்டி, அதன்பின் வெளி லேஸை இறுக்குங்கள். இரவெல்லாம் காரில் கிடந்த ஷெல் விறைத்திருக்கும். அதை வீட்டுக்குள் வைத்துச் சூடேறிய பின் முயலுங்கள்.

*

அளவு பற்றி இன்னும் சொல்லவில்லையே. குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையும் ஊன்றி நின்று, இரண்டில் நீளமான பாதத்தை மில்லிமீட்டரில் அளக்கவும். 265 மி.மீ. என்றால் பூட்ஸில் 26.5 என்று போட்டிருக்கும். தெருவில் போடும் ஷூ அளவை நம்ப வேண்டாம்.

நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் விலக வேண்டும். புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே சரி. போகப் போக ஃபோம் அமுங்கி ஏறக்குறைய அரை அளவு இடம் விட்டுவிடும். கடையில் மெத்தென்று இருந்த பூட்ஸ் சீசன் நடுவில் தொளதொளப்பது இதனால்தான்.

அப்போது கழலும் லைனர் கைகொடுக்கும். அதன் வெளிப்பக்கத்தில், கணுக்கால் எலும்புக்குக் கீழும் பின்னும் வளையுமாறு ‘ஜே’ வடிவ ஃபோம் பட்டை ஒட்டினால் குதிகால் எழும்பாது. முழுக்கத் தேய்ந்தால் இன்டியூஷன், பலாவ் போன்ற நிறுவனங்களின் லைனர்கள் தனியே கிடைக்கும். ஷெல் நன்றாக இருக்கும்வரை புது பூட்ஸ் தேவையில்லை. சூட்டில் கால் வடிவத்துக்குப் படியவைப்பதானால் கடைக்காரரிடமே கொடுங்கள். சூடேற்றும் நேரம் லைனருக்கு லைனர் மாறும். விரல்நுனியில் ஃபோம் தொப்பி மாட்டிக்கொண்டு, பூட்ஸை இறுக்கி, ஆறும்வரை அசையாமல் நிற்க வேண்டும். பத்து நிமிடம் போல ஆகும்.

*

தைத்த லைனரை அடியோடு ஒதுக்காதீர்கள். வருடா வருடம் கால் வளரும் பிள்ளைக்கு அது போதும். மடங்க எதுவும் இல்லை, பிள்ளை தானே மாட்டிக்கொள்ளும். இன்சோலை மட்டும் தினமும் உருவுங்கள், பூட்ஸுக்குள் நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள். எந்த பூட்ஸானாலும் கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியதாக. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் நெரிந்து கால் இன்னும் குளிரும்.