புது வண்டி தூக்கிப் போடுகிறது, கடிகாரத்தில் நேரமும் தங்குவதில்லை: ஷோரூமில் விட்டதா, கம்பெனிக் கோளாறா?

மூன்றாம்கியர் (கேள்வி)

பெட்ரோல் ஹேட்ச்பேக். டெலிவரி எடுத்து ஆறு நாள், 310 கி.மீ. ஓடியிருக்கிறது. வேகத்தடையில் எவ்வளவு மெதுவாக ஏறினாலும் முன்பக்கம் தூக்கிப் போடுகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன் சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே, பின்பக்கத்தைவிட இரண்டு விரல் இடைவெளி அதிகம். இன்னொன்று: வண்டியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் கடிகாரம் 12:00-க்குப் போய்விடுகிறது, கதவைத் திறந்தால் கூரை விளக்கு எரிவதில்லை.

"புது வண்டி அப்படித்தான் இருக்கும், 1000 கி.மீ. ஓடினால் செட் ஆகிவிடும்" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். இதெல்லாம் பி.டி.ஐ.யில், அதாவது டெலிவரிக்கு முந்தைய சோதனையில், விட்டுப்போனவையா? வண்டியைத் திருப்பி விடுவதற்கு முன் நானே எதையெல்லாம் பார்த்து வைக்கலாம்?

ஸ்பேனர்17

1000 கி.மீ. ஓடினால் சஸ்பென்ஷன் இரண்டு விரல் இறங்காது. அந்தப் பேச்சை விடுங்கள்.

முதலில் டயர் காற்று. தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், ஒரே இடத்தில் நிற்கும். டயர் தரையில் அமுங்கிய இடம் தட்டையாகிவிடக் கூடாது என்பதற்காக 40, 50 பிஎஸ்ஐ வரை ஏற்றி அனுப்புவது வழக்கம். ஷோரூமில் அதைக் குறைத்தாக வேண்டும், அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளந்து பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டயருக்குள் சென்சார் இல்லாமல், சக்கரம் சுழலும் வேகத்தை வைத்துக் காற்றைக் கணிக்கும் வண்டிகளில் "ரீசெட்" அழுத்தும்போது என்ன காற்று இருக்கிறதோ அதையே சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். ஷோரூமில் 46-ல் வைத்து அழுத்தியிருந்தால், நீங்கள் 33-க்குக் கொண்டுவந்தபின் எச்சரிக்கை விளக்கு எரியலாம். பஞ்சர் என்று பயப்பட வேண்டாம், மறுபடி ரீசெட் செய்தால் போதும்.

காற்று அதிகமானால் வண்டி முரடாக ஓடும், ஆனால் இரண்டு விரல் உயராது. அதற்குக் காரணம் வேறு. டிரெய்லரில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டும்போது சஸ்பென்ஷன் அமுங்காமலிருக்க, காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கட்டைகளைச் செருகி அனுப்பும் மாடல்கள் உண்டு. அவற்றை எடுக்காவிட்டால் ஸ்பிரிங் பாதிதான் வேலை செய்யும். ஸ்டேரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு, மஞ்சள், சிவப்பு என எந்த நிறத்திலும் இருக்கலாம். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதும் நடக்கும்.

கடிகாரமும் கூரை விளக்கும் ஒரே ஃபியூஸின் வேலை. வழியில் பேட்டரி இறங்காமலிருக்க, எப்போதும் மின்சாரம் இழுக்கும் சுற்றுகளின் ஃபியூஸைக் கழற்றியோ பாதி தூக்கியோ வைத்திருப்பார்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தை வைத்து எந்த இடம் காலி என்று தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் வண்டியில் அது மென்பொருளில் உள்ள "டிரான்ஸ்போர்ட் மோடு", அதாவது வழியில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு, ஆக இருக்கலாம். பெரும்பாலும் சர்வீஸ் சென்டரின் ஸ்கேனர் இல்லாமல் அதை மாற்ற முடியாது.

மூன்றாம்கியர்

பார்த்துவிட்டேன். நான்கு டயரிலும் 44 முதல் 47 வரை, ஸ்டிக்கரில் 33. முன் ஸ்பிரிங் இரண்டிலும் கறுப்பு ரப்பர் கட்டை. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஃபியூஸ் பாதி வெளியே நின்றது, அழுத்தியதும் கடிகாரத்தில் நேரம் தங்குகிறது, விளக்கும் எரிகிறது. கட்டையைத் திருகாணி முடுக்கியால் நெம்பி எடுத்துவிடலாமா? 310 கி.மீ. இப்படியே ஓட்டியதில் ஏதாவது கெட்டிருக்குமா?

ஸ்பேனர்17

நெம்பாதீர்கள். வண்டியின் எடை ஸ்பிரிங்கின் மேல் இருக்கும்வரை கட்டை இறுக்கமாகவே இருக்கும்; நெம்பினால் ஸ்பிரிங்கின் மேல்பூச்சு உரியும், உரிந்த இடத்தில் துரு, துருப்பிடித்த இடத்தில் பின்னாளில் முறிவு. லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் விரியும், கட்டை கையோடு வரும். அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

310 கி.மீ.க்குப் பெரிய சேதம் இருக்காது. கட்டை உரசிய இடத்தில் பூச்சு போயிருக்கிறதா, ஓடும்போது நகர்ந்து பிரேக் ஹோஸில் இடித்த தடம் இருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். கட்டை இருந்தபோது ஹெட்லைட்டின் உயரத்தைத் திருத்தியிருந்தால், எடுத்தபின் முன்பக்கம் இறங்கி வெளிச்சம் காலடியில் விழும். அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மல்டிமீட்டர்

வண்டி லிஃப்டில் ஏறும்போதே வீல் நட்டையும் முடித்துவிடுங்கள். ஷோரூமில் அலாய் சக்கரம் மாற்றியிருந்தாலோ, வேறு எதற்காகவாவது சக்கரத்தைக் கழற்றியிருந்தாலோ, காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் துப்பாக்கியால் அடித்து முறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். நட்டுக்கு இருக்க வேண்டிய முறுக்கு, கார்களில் பெரும்பாலும் 100 முதல் 140 நியூட்டன் மீட்டர் வரை. சின்ன வண்டிகளில் அதற்கும் கொஞ்சம் கீழே. சரியான எண் கையேட்டில் இருக்கும்.

"டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தோம், 'டக்' என்றது, சரியாக இருக்கிறது" என்பார்கள். டார்க் ரெஞ்ச் என்பது குறித்து வைத்த முறுக்கை எட்டியதும் 'டக்' என்னும் கருவி. அந்தச் சத்தம், நட்டின் இறுக்கம் குறைவாக இல்லை என்று மட்டும்தான் சொல்லும். இரண்டு மடங்கு முறுக்கிய நட்டிலும் அதே 'டக்' வரும். ஆகவே ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதிரெதிர் வரிசையில் மறுபடி முறுக்க வேண்டும். கடைசி முறுக்கு சக்கரம் தரையைத் தொட்ட பிறகு. மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. உராய்வு குறைந்தால் அதே அளவு முறுக்கிலேயே போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். நட்டுக்கு நட்டு இறுக்கம் மாறினால் பிரேக் டிஸ்க் மிக நுண்ணிய அளவில் கோணும். அது இன்று தெரியாது, சில ஆயிரம் கி.மீ. ஓடி டிஸ்க் சீரற்றுத் தேய்ந்தபின் பிரேக் மிதித்தால் ஸ்டேரிங் நடுங்கும். அப்போது "நீங்கள் ஓட்டும் முறை" என்பார்கள்.

அடுத்து பேட்டரி. இரவு முழுக்கப் பூட்டி வைத்த வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளக்க வேண்டும். கதவைத் திறந்தாலே கணினிகள் விழித்துக்கொள்ளும் என்பதால், முந்தின இரவே போனட்டைக் கொக்கியிலிருந்து விடுவித்து வைப்பது நல்லது. 12.6 வோல்ட் என்றால் முழுசு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. ஸ்டாக்கில் மாதக்கணக்கில் காலியாக நின்ற பேட்டரியில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டுப்போகும். சார்ஜ் ஏற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் கொள்ளளவு திரும்பாது. "சார்ஜ் போட்டுத் தருகிறோம்" என்பதை ஏற்காமல் லோடு டெஸ்ட், அதாவது பளு கொடுத்துப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, அதன் முடிவைத் தாளில் கேளுங்கள். மேலே தெரியும் பச்சைக் கண்ணை நம்ப வேண்டாம், அது ஆறு அறைகளில் ஒன்றை மட்டுமே காட்டுகிறது.

ஃபியூஸை அழுத்தியிருக்கிறீர்கள் என்பதால் இன்னொரு வேலை: ஜன்னல் ஒரே தட்டில் ஏறாவிட்டால், முழுதாக ஏற்றிச் சுவிட்சைச் சில விநாடி பிடித்தபடி இருங்கள். நிலை மறுபடி பதிவாகிவிடும்.

வயரிங்பூனை

ஷோரூமிலேயே ஃபாக் லாம்ப், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர் என்று ஏதாவது மாட்டினார்களா? எனக்கு அதுதான் பெரிய கவலை. மேலே சொன்னவை மறந்துபோனவை. இவை கைவைத்துக் கெடுத்தவை.

ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு என்றால், வண்டி நிற்கும்போது மின்சாரம் கசிகிறதா என்று பாருங்கள். பூட்டி ஒரு மணி நேரம் கழித்து, நெகட்டிவ் முனையில் கிளாம்ப் மீட்டர் வைத்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 300 இருந்தால் நாளுக்கு 7.2 ஆம்பியர் மணி போகும். 45 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் பாதியாகிவிடும்.

சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் இருக்கும் வண்டியில் சாதாரணக் கவர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். பை விரியும் வழியில் தையல் குறுக்கே நிற்கும்.

ஓட்டுநர் பக்க மேட்டை, அதாவது காலடி விரிப்பை, இன்றே பாருங்கள். கம்பெனி மேட்டின் மேல் இன்னொன்றைப் போடுவது, கொக்கியில் மாட்டாமல் விடுவது, இரண்டும் ஷோரூம்களில் சர்வசாதாரணம். 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் டீலர் ஒருவர் இரவலாகக் கொடுத்த லெக்சஸ் இஎஸ் 350-ல், வேறு மாடலுக்கான ரப்பர் மேட் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் இறந்தார்கள். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி, மேட்டின் விளிம்பு எங்கேயாவது தொடுகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

பெயின்ட்டைப் பற்றி ஒரே வரி: வெயிலிலோ டார்ச் வெளிச்சத்திலோ சிலந்தி வலை போல வட்டக் கீறல் தெரிந்தால் அது ஷோரூம் அழுக்குத் துணியின் கைவண்ணம். அதன்மேல் செராமிக் கோட்டிங் போட ஒப்புக்கொள்ளாதீர்கள், கீறல் அடியில் அப்படியே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாம்கியர்

ரிவர்ஸ் கேமரா மட்டும் மாட்டினார்கள். மேட் இரண்டு அடுக்கு இருந்தது, மேலே இருந்ததை எடுத்துவிட்டேன். நாளை வண்டியை விடுகிறேன். எப்படிக் கேட்பது?

ஸ்பேனர்17

வாயால் சொல்லாதீர்கள். ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் வேலைகளைக் குறிக்கும் தாளில், "முன் ஸ்பிரிங் கட்டைகளை நீக்குதல், வீல் நட் மறுமுறுக்கு, பேட்டரி லோடு டெஸ்ட், கேமரா இணைப்புச் சோதனை" என்று தனித்தனி வரியாக, ஓடோமீட்டர் எண்ணோடு எழுத வையுங்கள். கட்டைகள் ஸ்பிரிங்கில் இருக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட பி.டி.ஐ. தாளின் நகலைக் கேளுங்கள். "கட்டை நீக்கப்பட்டது" என்ற வரியில் டிக் போட்டிருந்தால், அந்தத் தாளையும் படத்தையும் சேர்த்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பலாம்.

மல்டிமீட்டர்

அலாய் சக்கரம் என்றால், லாக் நட்டை (சக்கரத் திருட்டைத் தடுக்கும் நட்டை) கழற்றும் சாவி டிக்கியில் இருக்கிறதா என்று சர்வீஸிலிருந்து வண்டியைத் திரும்ப எடுக்கும்போதே பாருங்கள். சக்கரத்தைக் கழற்றியவர் அதை ரெஞ்சிலேயே விட்டுவிடுவார், பஞ்சர் ஆகும் அன்றுதான் தெரியும்.