மறு: டொக் – துறையா, தட்டா, திண்ணையா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

திரையின் ஓரத்தில் செயலிகளின் சின்னங்கள் வரிசையாக நிற்கும் பட்டையை ஆங்கிலத்தில் ‘டொக்’ என்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பில் அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசும் இந்த இழையைப் பத்து நாளாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

முதலில் கொழும்பு ஐயா எழுதியதை எடுத்துக்கொள்கிறேன்.

> ‘டொக்’ என்பது கப்பல் அணையும் இடம். அதற்குத் தமிழில் துறை இருக்கிறது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு எதற்குத் தேட வேண்டும்?

ஐயா, துறை நல்ல சொல்தான். அதனாலேயே அதற்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கிறது. ‘துறை விருப்பங்கள்’ என்று திரையில் வந்தால் நம் உயர்தரப் பிள்ளைகள், கலையா வர்த்தகமா என்று கணினியே கேட்கத் தொடங்கிவிட்டது என்று நினைப்பார்கள். தங்குதுறை என்றால் அந்தக் குழப்பம் தீரும். ஆனால் அந்தப் பட்டைக்கும் கப்பலுக்கும் என்ன உறவு? ஆங்கிலத்திலேயே அந்த உறவு கட்டாயமாக இருக்கவில்லை. 1987 இல் ஏக்கோர்ன் கணினிகளில் கிட்டத்தட்ட இதே பொருள் திரையின் அடியில் இருந்தது. அவர்கள் அதை ‘ஐகன் பார்’ என்றார்கள். 1989 இல் நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற இயங்குதளம் வந்தபோது திரையின் வலது ஓரத்தில் நின்ற வரிசைக்கு ‘டொக்’ என்று பெயர் வைத்தார்கள். 2001 இல் அப்பிளின் மெக் ஓஎஸ் எக்ஸ் அதைக் கீழே கொண்டுவந்தது. பிறகு லினக்ஸில் கெய்ரோ டொக், டொக்கி, பிளாங்க் என்று வரிசையாக வந்தன. உபுண்டு 17.10 முதல் இடது ஓரத்தில் நிற்பதும் இதே இனம்தான். அவர்களுக்குப் பிடித்த பெயரை அவர்கள் வைத்தார்கள். நாம் பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை, பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தால் போதும்.

பொருள் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணினி வகுப்பு எடுக்கிறேன். எட்டுப் பழைய மடிக்கணினிகள், எல்லாவற்றிலும் எக்ஸ்எப்சிஇ பணிச்சூழலோடு லினக்ஸ் மின்ட், அதன் மேல் பிளாங்க். பிள்ளைகளுக்கு நான் பெயர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டாவது வாரமே, “சேர், மேலோடி கீழ்த்தட்டுல இல்லையே” என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது. மேலோடி என்றால் இணைய உலாவி. அலுமாரித் தட்டு மாதிரி, அதன் மேல் சாமான் அடுக்கியிருக்கிறது, அதனால் தட்டு. எனக்கும் பிடித்துத்தான் போனது. அன்று மாலையே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போதுதான் சிக்கல் தெரிந்தது. வன்தட்டு என்று ஒரு தட்டு ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கிறது. சாவிப்பலகையைத் தட்டுகிறோம், தொடுதிரையையும் தட்டுகிறோம். “தட்டில் உள்ளதைத் தட்டவும்” என்று உதவிக் குறிப்பு எழுதினால் வாசிக்கிறவர் சாப்பாட்டு நினைப்புக்குப் போய்விடுவார். அதோடு இன்னொரு குறை: தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். டொக் அப்படி இல்லை.

அடுத்த சனி அந்தப் பிள்ளையிடமே காட்டினேன். பிளாங்கில் நாலு சின்னங்களை இருத்தி வைத்திருந்தோம். அது படம் வரையும் செயலியை பட்டியலிலிருந்து திறந்தது. உடனே ஐந்தாவதாக ஒரு சின்னம் வந்து வரிசையில் உட்கார்ந்தது, கீழே சின்ன வெளிச்சப் புள்ளியோடு. செயலியை மூடியதும் அந்தச் சின்னம் எழுந்து போய்விட்டது. மற்ற நாலும் அசையவில்லை. “இது யாரு சேர், வந்துட்டுப் போறது?” என்றது பிள்ளை.

அந்தக் கேள்வியில்தான் எனக்குத் திண்ணை கிடைத்தது. வீட்டு ஆட்களும் அங்கே உட்காருவார்கள், வந்து போகிறவர்களும் உட்காருவார்கள். வேலை முடிந்ததும் வந்தவர் எழுந்து போவார், வீட்டுக்காரர் இருப்பார். திண்ணை வீட்டின் ஓரத்தில் இருக்கும், உள்ளே இடத்தை அடைக்காது. வெறும் ஏவுபட்டைக்கும் பணிப்பட்டைக்கும் டொக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதானே? ஏவுபட்டையில் நாம் வைத்தது மட்டும் இருக்கும், பழைய பணிப்பட்டையில் திறந்திருப்பது மட்டும் இருக்கும், டொக்கில் இரண்டும் ஒரே வரிசையில். ‘செயலிப்பட்டை’ என்று கண்டி நண்பர் சொன்னதில் பிழை இல்லை, ஆனால் இந்த வித்தியாசம் அதில் தெரியாது. பட்டை என்று முடியும் சொற்கள் வேறு திரையில் அரை டசின் இருக்கின்றன.

பொகவந்தலாவையிலிருந்து தம்பி ‘பெரட்டு’ என்று எழுதியிருந்ததை வாசித்துச் சிரித்தேன், அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். விடியற்காலையில் தப்பு அடித்து ஆளைக் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரித்த இடம். சின்னங்கள் வேலைக்குக் காத்து நிற்கின்றன என்ற உவமை பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் என் பாட்டி நின்ற வரிசையை நான் மேலோடிக்குக் கொடுக்க மாட்டேன். மலையகத்துக்கு வெளியே அது விளங்காது என்பதும் உண்மை, ஆனால் என் காரணம் முதலில் சொன்னதுதான்.

சரி, சொல் தனியாக நின்று அழகாக இருந்தால் போதாது, அமைப்புப் பட்டியலில் நடக்க வேண்டும். பிளாங்கின் மேல் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியால் வலச்சொடுக்கினால் விருப்பங்கள் வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ‘திண்ணையில் இருத்து’, ‘திண்ணையிலிருந்து எடு’, ‘திண்ணையை மறை’, ‘திண்ணை இருக்கும் பக்கம்’. எல்லாம் நாக்கில் தடங்கலில்லாமல் வருகின்றன. இருத்தாத செயலிகளையும் காட்டு என்ற தெரிவுக்கு ‘விருந்தாளிகளையும் காட்டு’ என்று எழுதக் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன். ‘இருத்தாதவற்றையும் காட்டு’ என்றே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘டொக்’ வரும் இடமெல்லாம் திண்ணை போட வேண்டாம். மடிக்கணினியைப் பொருத்தும் கருவிக்கும், ஒரு சாளரத்தை ஓரத்தில் ஒட்டவைக்கும் வினைக்கும் வேறு சொற்கள் வேண்டும். ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக ஒரே தமிழ்ச் சொல் என்று பிடிவாதம் பிடித்துத்தான் பல பட்டியல்கள் கெட்டன.

சொல்லோடு சம்பந்தமில்லாத ஒன்று, போன வாரம் கேட்ட நண்பருக்காக: எக்ஸ்எப்சிஇ மேல் பிளாங்கைப் போட்டால் அதற்கு மேலே குறுக்காக ஒரு மெல்லிய கோடு விழுகிறது என்றீர்கள். அது பிளாங்கின் கோளாறு இல்லை, சாளர மேலாளர் போடும் நிழல். சாளர மேலாளரின் நுண் அமைப்புகளில் கடைசித் தாவலுக்குப் போய், டொக் சாளரங்களுக்கு நிழல் காட்டும் தெரிவை நீக்குங்கள், கோடு போய்விடும். 1366க்கு 768 திரை என்றால் திண்ணையை இடது ஓரத்துக்கு மாற்றிவிடுவதும் நல்லது. அகலம் தாராளமாக இருக்கிறது, உயரம்தான் பஞ்சம். திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலண்ட் அமர்வில் பிளாங்க் வேலை செய்யாது; க்னோம் பணிச்சூழல் பக்கம் போகிறவர்கள் ‘டேஷ் டு டொக்’ நீட்சியைப் பாருங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து

*

> அண்ணா, வணக்கம். சொல் பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு சந்தேகம். திண்ணை எங்கேயாவது ஓடி ஒளியுமா? இது சாளரம் கிட்டே வந்தால் மறைந்துவிடுகிறதே. இரண்டாவது, நம் லயத்தில் திண்ணை ஏது? இஸ்தோப்புதானே. பதுளையில் என் மாணவர்களிடம் கேட்டால் அதைத்தான் சொல்வார்கள்.

தங்கச்சி, இரண்டும் சரியான இடத்தில் கிள்ளும் கேள்விகள்.

ஓடி ஒளியாதுதான். ஆனால் எந்த வீட்டுச் சாளரம் சுருங்கிச் சின்னமாகி ஓரத்தில் போய் உட்காருகிறது? கணினியில் சாளரம் அதைத் தினமும் செய்கிறது, யாரும் சிரிப்பதில்லை. சொல் பழகியதும் உவமை தூங்கிப் போகும். உங்கள் கேள்வியால் ஒரு நல்லதும் நடந்தது: சாளரம் வந்தால் விலகும் அந்த நடத்தைக்கு ‘தானாக மறை’ என்று எழுதி வைத்திருந்தேன், அதை ‘ஒதுங்கு’ என்று மாற்றிவிட்டேன். சாளரம் மேலே வந்தால் திண்ணை ஒதுங்கிக்கொள்ளும்.

இஸ்தோப்பு விஷயத்தில் மனசு உங்கள் பக்கம்தான். நான் படித்ததே லயத்தில் எங்கள் காம்பராவின் (அறையின்) முன்னால் இருந்த இஸ்தோப்பில், அந்தச் சின்ன விறாந்தையில், உட்கார்ந்துதான். வகுப்பில் விளக்கும்போது இஸ்தோப்பு என்றே சொல்கிறேன், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த மொழிபெயர்ப்பை யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் திறப்பார்கள். அங்கே விறாந்தை என்பார்கள், தாழ்வாரம் என்பார்கள். வீட்டில் இல்லாவிட்டாலும் எல்லோரும் பாடப்புத்தகத்தில் வாசித்த சொல் திண்ணை. திரையில் திண்ணை, வகுப்பில் இஸ்தோப்பு என்று வைத்துக்கொள்வோமா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் கோப்பை அனுப்பப் பார்க்கிறேன். ஒரே ஒரு வரி இன்னும் மக்கர் பண்ணுகிறது. மறைந்திருக்கும் திண்ணை, சுட்டி ஓரத்தைத் தொட்டதும் வராமல், ஓரத்தில் முட்டி அழுத்தினால் மட்டும் வர வேண்டும் என்று ஒரு தெரிவு இருக்கிறது அல்லவா? ‘அழுத்த வெளிப்பாடு’ என்று போட்டால் வைத்தியசாலை வாடை அடிக்கிறது. இப்போதைக்கு ‘முட்டினால் வா’ என்று எழுதி வைத்திருக்கிறேன். யாரிடமாவது இதைவிட நல்லது இருக்கிறதா?