7-ஆம் வகுப்புக்குப் பை (π) தினம்: கையால் செய்கிற மாதிரி என்ன செய்யலாம்?

சாக்பீஸ்:
வகுப்பில் 36 பிள்ளைகள். சேர்ந்தாற்போல் இரண்டு பீரியட் கிடைக்கும், 80 நிமிடம். இணையத்தில் தேடினால் பை என்ற பண்டத்தைச் சுட்டுத் தின்னச் சொல்கிறார்கள். இல்லையென்றால் தசம இலக்கங்களை ஒப்பிக்கச் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டாம். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்தான் பை (π), ஏறத்தாழ 3.14. பிள்ளைகளே செய்து பார்த்து அந்த 3.14-ஐக் கண்டுபிடிக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. மார்ச் 14 பரீட்சை நேரம் என்பது தனித் தலைவலி.

நூல்கண்டு:
முதலில் தேதியை முடித்துவிடுவோம். மார்ச் 14 என்பது மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கக் கணக்கு, 3/14. சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அறிவியல் காட்சியகத்தில் லாரி ஷா என்பவர் 1988-இல் தொடங்கி வைத்தது. யுனெஸ்கோ 2019-இல் அதே நாளைப் பன்னாட்டுக் கணித நாளாக அறிவித்தது. நாம் நாளை முன்னால் எழுதுகிறவர்கள், நமக்கு ஜூலை 22 தான் சரி: 22/7. அதையும் 'தோராயப் பை தினம்' என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, 3.14-ஐ விட 22/7 தான் பைக்கு நெருக்கம். முதலாவது 0.0016 குறைவு, இரண்டாவது 0.0013 அதிகம். பிள்ளைகளையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் பீரியடுக்கு அளவெடுப்பு. நாலு பேருக்கு ஒரு குழு, ஒன்பது குழு. வட்டமான பொருளின் சுற்றளவை விட்டத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள், ஏனென்றால் நூல் ஏமாற்றும். 2 மி.மீ. தடிமனுள்ள சணல் கயிற்றைச் சுற்றினால் சுற்றளவு 6 மி.மீ. கூடிவிடும். பொருள் சின்னதோ பெரியதோ, கூடுவது அதே 6 மி.மீ. தான். 6 செ.மீ. வளையலில் விடை 3.25-க்குப் போய்விடும்; 30 செ.மீ. தாம்பாளத்தில் 3.16-ல் நிற்கும். அதனால் கயிறே வேண்டாம். 1 செ.மீ. அகலத்தில் காகிதப் பட்டை வெட்டிச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பிரித்து அளக்கட்டும். பொருள் 20 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

விட்டத்தை ஸ்கேலை மேலே வைத்து அளந்தால் மையம் தவறும், விட்டம் குறைவாக வரும். தட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு கெட்டி அட்டைப் புத்தகத்தை ஒட்டி நிறுத்துங்கள், இரண்டும் இணையாக இருக்கட்டும். தட்டை எடுத்துவிட்டு நடு இடைவெளியை அளந்தால் விட்டம். வாய் விரிந்த கிண்ணம் வேண்டாம், பட்டை வழுக்கும். பிளாஸ்டிக் வாளி பல நேரம் முழு வட்டமாக இருப்பதில்லை.

ஈர்க்குச்சி:
இரண்டாவது பீரியடுக்குப் பஃபோன் சோதனையை வையுங்கள். பிரெஞ்சுக்காரர் பஃபோன் 18-ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கு. இணைகோடு போட்ட தாளில் குச்சியைப் போட்டால் எத்தனை தடவை கோட்டைத் தொடும் என்பதற்குள் பை ஒளிந்திருக்கிறது. வட்டமே இல்லாமல் பை வருவதுதான் வேடிக்கை.

தென்னந்துடைப்பத்தில் நேரான ஈர்க்கை எடுத்துச் சரியாக 5 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள், குழுவுக்கு 10. அடிப்பக்கத் தடிமனும் நுனி வளைவும் வேண்டாம். சார்ட் பேப்பரில் 5 செ.மீ. இடைவெளியில் இணைகோடுகள். மார்க்கர் வேண்டாம், பால்பாயிண்ட் போதும். 2 மி.மீ. தடிமனான கோடு தொடுகையைக் கூட்டி விடையை 3-க்குக் கீழே இறக்கிவிடும்.

தாளுக்கடியில் பழைய போர்வை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் குச்சி எகிறி ஓடும். முழங்கால் உயரத்திலிருந்து, சுழற்றிவிட்டு, தாளின் நடுவில் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்கிப் போட்டால் கணக்கு கெடும். ஓரத்தில் விழுந்து நடுப்பகுதி தாளுக்கு வெளியே போன குச்சியை எண்ண வேண்டாம்.

எண்ணிய வீச்சுகளை இரண்டால் பெருக்கி, தொட்ட எண்ணிக்கையால் வகுத்தால் பை. 500 வீச்சில் 318 வாக்கில் தொட்டால் 3.14 வரும். ஆனால் ஒரு குழுவுக்கு 3.04-உம் வரும், 3.25-உம் வரும்; அது தவறில்லை, எதிர்பார்க்க வேண்டியதே. ஒன்பது குழுவின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் கூட்டிய பிறகு வகுங்கள். சிலர் கணக்கு எளிதாகட்டும் என்று குச்சியைப் பாதி நீளமாக வெட்டுவார்கள். அப்படிச் செய்தால் தடுமாற்றம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

சாக்பீஸ்:
அருமை. போர்வை யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பை அலங்கரிக்க ஏதாவது உண்டா? முந்தின நாள் செய்து வைக்கலாம்.

கலர்பேப்பர்:
காகிதச் சங்கிலி செய்யுங்கள் டீச்சர். 0 முதல் 9 வரை இலக்கத்துக்கு ஒரு நிறம், 3-ல் தொடங்கி 100 தசம இடம் வரை. ஏ4 தாளைக் குறுக்கே 2.5 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் தாளுக்கு 11 கிடைக்கும். 0, 1, 4, 5, 6, 7 ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தாள் போதும். 2, 3, 8 மூன்றுக்கும் 12 பட்டைகள், 9-க்கு 14, ஆகவே இவற்றுக்கு இரண்டிரண்டு தாள். ஆக மொத்தம் 14 தாள். பத்து நிறமும் வெளிச்சத்தில் பிரிந்து தெரிய வேண்டும். ஆரஞ்சும் வெளிர்சிவப்பும் சேர்ந்தால் குழப்பம்தான்.

பத்து இலக்கத்துக்கு ஒரு துண்டாகத் தனித்தனியே செய்யச் சொல்லுங்கள். சரிபார்த்த பிறகு இணைத்தால் போதும். நடுவில் ஒரு வளையம் தப்பினால் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. 0-வின் நிறம் 32-வது தசம இடத்தில்தான் முதன்முதலாகத் தலைகாட்டும். "மிஸ், இந்தக் கலர் மட்டும் வரவே இல்லையே" என்று கேட்பார்கள்; நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

பண்டம் வேண்டாம் என்றீர்கள், சரி. ஆனால் தமிழில் பை என்றால் பைதானே! ஆளுக்கொரு மஞ்சப்பையில் உருளைக்கிழங்கு அச்சால் பைக் குறியைப் பதிக்கலாம். துணிச்சாயம் தான் போட வேண்டும், தண்ணீர்ச்சாயம் முதல் துவைப்பிலேயே போய்விடும். கிழங்கை வெட்டியதும் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு கசியும். ஒரு நாள் காயவிட்டு, உட்புறமாகத் திருப்பி இஸ்திரி போட்டால் சாயம் பிடிக்கும். குறியின் கால்களை நேராகச் செதுக்கினால் இடவல மாற்றக் குழப்பமும் இல்லை.