பிபிஎச்-க்கு டிரானெக்ஸாமிக் ஆசிட்: முதன்மை முடிவே நெகட்டிவ் என்றால் வுமன் ஆய்வை எப்படிப் படிப்பது?

லேபர்வார்டு_பிஜி

வணக்கம். அடுத்த வாரம் ஜர்னல் கிளப்பில் 2017-இல் லான்செட்டில் வந்த வுமன் ஆய்வு என் தலையில். 21 நாடுகள், 193 மருத்துவமனைகள், பிபிஎச் (பிரசவத்துக்குப் பின் வரும் அதிக ரத்தப்போக்கு) வந்த 20,060 பெண்கள், டிரானெக்ஸாமிக் ஆசிட் (உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் மருந்து) பிளேசிபோவோடு (மருந்தில்லாத போலி ஊசி) ஒப்பீடு. முதன்மை முடிவாக வைத்திருந்தது, 42 நாளுக்குள் எந்தக் காரணத்தாலாவது மரணம் அல்லது கர்ப்பப்பை அகற்றல். மருந்துக் குழுவில் 5.3%, பிளேசிபோவில் 5.5%, ஆர்ஆர் (இரு குழு ஆபத்துகளின் விகிதம், 1 என்றால் வித்தியாசம் இல்லை) 0.97. அங்கேயே ஆய்வு தோற்றுவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் எல்லோரும் பேசுவது ‘ரத்தப்போக்கால் மரணம் 1.9%-லிருந்து 1.5% ஆனது’ என்பதைத்தான். அதன் பி மதிப்பு (மருந்தால் பயனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.05-க்குக் கீழே என்றால் ஏற்பது வழக்கம்) 0.045.

மூன்று சந்தேகங்கள். ஒன்று, இது கோல்போஸ்ட்டை நகர்த்தியது ஆகாதா? இரண்டு, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், கார்போப்ரோஸ்ட் எல்லாம் கொடுத்தும் நிற்காவிட்டால்தான் டிரானெக்ஸா என்று யூனிட்டில் சீனியர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் உண்டா? மூன்று, இதே தலைப்பில் தீசிஸ் செய்ய ஆசை. எங்களிடம் மாதம் சுமார் 300 பிரசவம். ரேண்டமைஸ் செய்யலாமா (குலுக்கல் முறையில் குழு பிரிப்பது), முன்–பின் ஒப்பீடு போதுமா?

எண்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

முதன்மை முடிவில் வித்தியாசம் இல்லை என்பதை ஸ்லைடில் முதலில் போடுங்கள், மறைக்க வேண்டாம். அடுத்து ஏன் இல்லை என்று பாருங்கள். 5.3-இல் பெரும்பங்கு கர்ப்பப்பை அகற்றல்தான்: 3.6%, எதிர்ப்பக்கம் 3.5%. பல இடங்களில் அகற்றுவது என்ற முடிவும் ரேண்டமைஸ் செய்வதும் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. மருந்து உள்ளே போகும் முன்பே முடிவாகிவிட்ட ஒன்றை மருந்து எப்படி மாற்றும்? கூட்டு முடிவுகளில் (பல விளைவுகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணுவது) அடிக்கடி வரும் கோளாறு இது. மருந்தால் அசைக்க முடியாத பகுதி எண்ணிக்கையில் பெரிதாக இருந்தால், அசையக்கூடிய பகுதியை அது மூழ்கடித்துவிடும்.

ஆய்வாளர்கள் இதை ஆய்வு நடக்கும்போதே கவனித்து, 15,000 என்று திட்டமிட்டதை 20,000 ஆக்கினார்கள். ரத்தப்போக்கு மரணத்தைத் தனியாகப் பார்க்கப் போதுமான எண்ணிக்கை வேண்டும் என்பதற்காக. எந்தக் குழுவுக்கு எது என்ற மறைப்பை உடைக்கும் முன்பே செய்த மாற்றம் இது. முடிவைப் பார்த்துவிட்டு மாற்றினால்தான் கோல்போஸ்ட் நகர்த்தல். எந்த ஆய்வை எடுத்தாலும் பதிவுசெய்த புரோட்டோகாலின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் தேதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜர்னல் கிளப்பில் பாதிப்பேர் செய்யாத வேலை.

இனி 0.045. ரத்தப்போக்கு மரணம் 10,036-இல் 155, 9,985-இல் 191. ஆர்ஆர் 0.81, 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 0.65 முதல் 1.00 வரை. 155-ஐ 156 ஆக்கி எளிய கணக்கு போட்டுப் பாருங்கள், பி மதிப்பு சுமார் 0.052 வரும். 20,000 பேர் ஆய்வில் ஒரே ஒரு மரணம் கோட்டைத் தாண்ட வைக்கிறது! இதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று ஆகாது. 0.05 என்ற கோட்டுக்குத் தகுதிக்கு மீறிய மரியாதை கொடுக்கிறோம் என்றுதான் ஆகும். இடைவெளியின் இரு முனைகளையும் வாசியுங்கள்: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்திருக்கலாம், கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாமலும் இருந்திருக்கலாம்.

எல்லாக் காரண மரணம் 2.3% எதிர் 2.6%, ஆர்ஆர் 0.88, இடைவெளி 1-ஐத் தாண்டுகிறது. செப்சிஸ் (கடும் தொற்று), எக்லாம்ப்சியா (கர்ப்பகால வலிப்பு) மரணங்களை டிரானெக்ஸா தடுக்காது, அவை கலந்தால் விளைவு நீர்த்துப்போகும். காரணம் எழுதியவர்களுக்கு எந்தக் குழு என்று தெரியாது, ஆகவே ஒரு பக்கமாகச் சாய்த்து எழுத வழியில்லை. ரத்தப்போக்கை நிறுத்த லேப்பரோட்டமி (வயிற்றைத் திறக்கும் அறுவை) 0.8% எதிர் 1.3% என்பதும் அதே திசையில்தான் நிற்கிறது. த்ராம்போசிஸ் (ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி) இரு பக்கமும் ஏறக்குறைய சமம்.

ஒரு மரணத்தைத் தடுக்க எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டும்? வித்தியாசம் 0.37%, அதாவது சுமார் 270 பேர். இதைச் சொல்லும்போது அடிப்படை ஆபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிபிஎச் வந்தவர்களில் மரணம் 1.9%-ஐவிட மிகக் குறைவாக உள்ள இடத்தில் இந்த 270 பல மடங்காகும்.

கைனிக்_கன்சல்டன்ட்

இரண்டாவது கேள்வி. உங்கள் சீனியர்கள் தவறாகப் படிக்கவில்லை, 2012-இல் படித்ததை வைத்திருக்கிறார்கள். அப்போதைய உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை, யூட்டரோடானிக் (கர்ப்பப்பையைச் சுருக்கும்) மருந்துகள் பலிக்காவிட்டால் அல்லது கிழிசலால் ரத்தம் போகிறதென்று தோன்றினால் கொடு என்றது. வுமன் வந்த பிறகு 2017-இல் அதை மாற்றினார்கள்: காரணம் எதுவானாலும், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடு.

3 மணி எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். வுமனில் 3 மணிக்குள் கொடுத்தவர்களில் ரத்தப்போக்கு மரணம் 1.2% எதிர் 1.7%, ஆர்ஆர் 0.69. அதைத் தாண்டியவர்களில் 1.07. துணைக்குழு முடிவு என்றால் சந்தேகப்படுவதுதான் முறை. ஒரு பக்கம் பி சிறிது, இன்னொரு பக்கம் பெரிது என்பதை மட்டும் காட்டினால் அது ஆதாரம் இல்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சோதித்தார்களா, முன்பே திட்டமிட்டதா, வேறு எங்கேயும் இதே வடிவம் தெரிந்ததா என்று பார்க்க வேண்டும். இங்கே மூன்றாவதுதான் பலம். விபத்துக் காயங்களில் இதே மருந்தைச் சோதித்த க்ராஷ்-2 ஆய்விலும் (20,211 பேர், 2010) 3 மணிக்குள் பயன், அதன் பிறகு ரத்தப்போக்கு மரணம் கூடியது. இரண்டையும் சேர்த்து 40,138 பேரின் தனித்தனித் தரவை வைத்து 2018-இல் வந்த பகுப்பாய்வில், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பயன் சுமார் 10% குறைந்து, 3 மணிக்குப் பின் பயனே இல்லை. ‘நிற்காவிட்டால் பார்ப்போம்’ என்று காத்திருப்பது எதைச் சாப்பிடுகிறது என்று இப்போது புரியும்.

டோஸ்: 1 கிராம், 10 மில்லியாக, நிமிடத்துக்கு 1 மில்லி, அதாவது 10 நிமிடம் ஐவி. 5 மில்லியில் 500 மி.கி. உள்ள ஆம்பூல் என்றால் இரண்டு. அவசரத்தில் ஒரே தள்ளாகத் தள்ளினால் பிரஷர் இறங்கும். 30 நிமிடம் கழித்தும் ரத்தம் போனால், அல்லது நின்று 24 மணிக்குள் மறுபடி தொடங்கினால், இன்னொரு 1 கிராம். ஆக்ஸிடோசினுக்குப் பதில் இல்லை, அதோடு சேர்த்து.

இதை வைத்து ‘அப்படியானால் ரத்தசோகை உள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே போடலாமே’ என்று ஒருவர் எழுந்து நிற்பார். வுமன்-2 அதைத்தான் சோதித்தது. மிதமான அல்லது கடும் ரத்தசோகையோடு சுகப்பிரசவமான 15,068 பெண்கள், பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, ஜாம்பியா. பிபிஎச் 7.0% எதிர் 6.6%, ஆர்ஆர் 1.05. பிபிஎச் வந்தவருக்குக் கிடைத்த பயனை வராதவருக்குக் கடன் வாங்க முடியாது.

தீசிஸ்_கைடு

மூன்றாவது. பிபிஎச் வந்த பெண்ணுக்கு பிளேசிபோ கொடுத்து ரேண்டமைஸ் செய்ய இனி எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. விடை தெரிந்த கேள்வி அது. உங்கள் வார்டில் விடை தெரியாத கேள்வி வேறு: பிபிஎச் என்று கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து முதல் டோஸ் எத்தனை நிமிடத்தில் போகிறது? வார்டுக்குப் பயிற்சி கொடுத்து அதைக் குறைக்க முடியுமா? அதை எடுங்கள்.

முன்–பின் ஒப்பீட்டில் பெரிய குழி ஒன்று இருக்கிறது. கண்ணால் மதிப்பிட்டால் ரத்த இழப்பு குறைத்தே எழுதப்படும். நீங்கள் அளவுக்கோடு போட்ட டிரேப் (ரத்தத்தைச் சேகரிக்கும் விரிப்பு) கொண்டுவந்தால் பிபிஎச் விகிதம் ‘ஏறும்’. ஏறியது கண்டுபிடிப்புதான், ரத்தப்போக்கு இல்லை. 2023-இல் வந்த இ-மோட்டிவ் ஆய்வில் (டிரேப்பால் சீக்கிரம் கண்டுபிடித்து உடனே சிகிச்சைத் தொகுப்பு கொடுப்பது எதிர் வழக்கமான கவனிப்பு) வழக்கமான குழுவில் 51.1% பிபிஎச்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அளவுக்கோட்டு டிரேப் வைத்த குழுவில் 93.1%. அந்த ஆய்வு இதை எப்படிச் சமாளித்தது என்று பாருங்கள்: தனிப் பெண்களை விட்டு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவின் மருத்துவமனைகளையே ரேண்டமைஸ் செய்தார்கள். வழக்கமான குழுவிலும் டிரேப் உண்டு, ஆனால் அளவுக்கோடு கிடையாது. இரு பக்கமும் சேர்ந்த ரத்தத்தை ஒரே மாதிரி எடைபோட்டார்கள். அதனால்தான் கடும் ரத்தப்போக்கு, அதற்கான லேப்பரோட்டமி, ரத்தப்போக்கு மரணம் மூன்றும் சேர்ந்து 1.6% எதிர் 4.3% என்ற முடிவை நம்ப முடிகிறது. அதுவும் கூட்டு முடிவுதான். குறைந்ததில் பெரும்பங்கு 1,000 மில்லி தாண்டிய ரத்தப்போக்கு, மரணம் இல்லை. அதையும் ஜர்னல் கிளப்பில் சொல்லிவிடுங்கள்.

ஆகவே பயிற்சிக்கு முந்தைய முதல் கட்டத்திலிருந்தே எல்லாப் பிரசவத்துக்கும் எடைபோடுங்கள். ரத்தம் ஊறிய துணியின் எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்தால், 1 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லி. பனிக்குட நீர் சேராமல் இருக்க, குழந்தை வெளியே வந்த பிறகே டிரேப்பை அடியில் வையுங்கள். இதைத் தவறவிட்டால் எண்கள் எல்லாம் குப்பை.

எண்ணிக்கை: 1,000 மில்லி தாண்டுவது 4%-லிருந்து 2% ஆகும் என்று எதிர்பார்த்தால், 80% பவருக்கு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) முன், பின் எனக் கட்டம் ஒன்றுக்குச் சுமார் 1,140 பிரசவம். மாதம் 300 என்றால் நான்கு மாதம் சரியாக வரும். மரணத்தை முடிவாக வைத்தால் உங்கள் பணிக்காலம் முழுக்கப் போதாது. ‘நேரம்’ சில பேருக்கு 5 நிமிடம், சிலருக்கு 90 என்று வளைந்து கிடக்கும். சராசரி வேண்டாம், மீடியன் (வரிசையின் நடு மதிப்பு) எழுதுங்கள். இரண்டு கட்டத்தின் மொத்த எண்ணை மட்டும் ஒப்பிடாமல் வாரவாரியாக ரன் சார்ட் (நேரவரிசை வரைபடம்) போடுங்கள். மீடியனின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஆறு புள்ளி விழுந்தால் மாற்றம் உண்மை என்று கொள்ளலாம். அந்த மாற்றம் உங்கள் பயிற்சிக்கு முந்தைய வாரமே தொடங்கியிருந்தால், பெருமை வேறு எதற்கோ போக வேண்டும்.

நைட்ஷிப்ட்_சிஸ்டர்

நேரத்தை யார் எழுதுவது என்று யாருமே சொல்லவில்லையே மேடம். கேஸ் ஷீட்டில் பின்னால் எழுதும் நேரமெல்லாம் 2.00, 2.15, 2.30 என்று உருட்டலாகத்தான் இருக்கும். பிபிஎச் டிரேயிலேயே ஒரு அட்டை கட்டி வையுங்கள்: பிரசவ நேரம், பிபிஎச் என்று சொன்ன நேரம், டோஸ் தொடங்கிய நேரம், கையெழுத்து. நான்கு கட்டம் போதும். பத்துக் கட்டம் வைத்தால் ஒன்றும் நிரம்பாது. கடிகாரம் ஒன்றையே எல்லோரும் பார்க்க வேண்டும், சுவர்க் கடிகாரமும் மொபைலும் ஐந்து நிமிடம் மாறும்.

டிரானெக்ஸாவை ஆக்ஸிடோசின் மாதிரி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, டிரேயிலேயே இருக்கலாம். ஆனால் சிசேரியன் தியேட்டரில் ஸ்பைனல் மருந்துக்கு (முதுகுத்தண்டில் போடும் மரப்பு மருந்து) பக்கத்தில் வைக்காதீர்கள். ஆம்பூல் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் புபிவகெய்னுக்குப் பதில் இது முதுகில் போய் வலிப்பும் மரணமும் நடந்திருக்கின்றன. 2022-இல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது.

லேபர்வார்டு_பிஜி

எல்லோருக்கும் நன்றி. எடைபோடும் மாதங்களில் வார்டு ஏற்கெனவே உஷாராகிவிடாதா? கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே நேரம் குறையுமே?

தீசிஸ்_கைடு

குறையும். அதனால் முதல் மூன்று வாரத் தரவைப் பழகும் காலம் என்று, அந்த நான்கு மாதக் கணக்குக்கு வெளியே ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கப் போவதை புரோட்டோகாலில் இப்போதே எழுதுங்கள், எண்களைப் பார்த்த பிறகு இல்லை.