ஓணான், சாரை, கீரி இருக்கட்டும். எலி, மயில், இலைச்சுருட்டலுக்கு வழி சொல்லுங்க

உவர்மண் கொல்லை:
ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் 10 சென்ட் மணல் கொல்லை. குண்டு மிளகாய், கொஞ்சம் கத்தரி, 6 தென்னை. கிணத்துத் தண்ணி உவர்ப்பு. மயில் நாத்து நுனியைக் கிள்ளுது, எலி குரும்பையில ஓட்டை போடுது, மிளகாய் இலை சுருளுது. எலிக்குப் பசை அட்டையும் விஷக் கட்டியும் வைக்கச் சொல்றாங்க. ஆனா கொல்லையில ஓணான், அரணை, ஒரு சாரை, கீரி எல்லாம் நடமாடுது. அதுகளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. சுத்தி கழிச்சுப் போட்ட நண்டு வலை கட்டியிருக்கேன்.

பனைவிடலி:
விஷக் கட்டி வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தக் கட்டியில் இருக்கும் புரோமடியோலோன் என்ற எலி விஷத்தைத் தின்ற எலி அன்றே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். சாரைக்கும் கூகைக்கும் கீரிக்கும் சுலபமாகக் கிடைப்பது அந்த எலிதான். விஷம் அதுகளுக்கும் போய்ச் சேரும். எலியைத் தின்பதையே கொன்றுவிட்டால் அடுத்த ஈட்டு எலியைக் கேட்க ஆளில்லை. பசை அட்டையில் எலிக்கு முன்னால் அரணையும் பல்லியும்தான் ஒட்டும். ஏற்கெனவே ஏதாவது ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஈர்க்குச்சியால் மெல்ல நெம்பினால் கழன்று வரும்.

தென்னைக்குத் தகரப் பட்டை கட்டுங்கள். 40 செ.மீ. அகலம், தரையிலிருந்து 2 மீட்டர் உயரம், மரத்தோடு இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். மட்டைகள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் ஆறு மரத்துக்கும் கட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் எலி அதில் ஏறி மற்றதுக்குத் தாவிவிடும். காய்ந்த மட்டை, பன்னாடையை இறக்கிவிடுங்கள், எலி கூடு கட்டுவது அதில்தான்.

கீழே திரியும் எலிக்குக் கூண்டுப் பொறி போதும். சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாட்டுத் துண்டோ வைத்து, சுவர் ஓரமாக இருட்டிய பிறகு திறந்து வையுங்கள். விடியும் முன் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அணில் மாட்டும். மூஞ்சூறு விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள், அது பூச்சி தின்னி.

நாலுமுழவேலி:
முதலில் அந்த நண்டு வலையைக் கவனியுங்கள். தரையைத் தொட்டுத் தொங்கும் தங்கூசி (நைலான் இழை) வலையில் சாரை தலையை நுழைத்தால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. செதில் மாட்டிக்கொண்டு இழை உடம்பை அறுக்கும். அடியில் ஒன்றரை அடிக்குப் பனைமட்டையை நெருக்கி நட்டு, அதற்கு மேல்தான் வலை வர வேண்டும். அதையும் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மட்டை வரிசையில் ஒரு மூலையில் கையகல இடைவெளி விட்டால் சாரையும் கீரியும் வந்து போகும். பாம்பு மாட்டியிருந்தால் கையை வைக்காதீர்கள். இந்தக் கரை மணலில் சுருட்டை விரியனும் உண்டு. வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

மயில் பெரும்பாலும் நடந்துதான் வரும். வேலியில் பழைய சேலையை இழுத்துக் கட்டினால் உள்ளே பார்வை மறையும். நாற்றுப் பாத்திக்கு மட்டும் வளைத்த மூங்கில் சிம்பில் தடித்த நூல் வலை போர்த்தி, செடி முழ உயரம் வரும்வரை வையுங்கள். முற்றத்தில் சோறு, தானியம் சிந்தவிடாதீர்கள், மயிலைக் கூப்பிடுவதே அதுதான். விஷம் வைத்த தானியம் தூவுவது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குண்டுமிளகாய்:
இலை எந்தப் பக்கம் சுருளுகிறது? மேல்நோக்கிப் படகு மாதிரி என்றால் இலைப்பேன் (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி). கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப் பேன். கொழுந்தை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள்: மஞ்சளாக, நூல் துண்டு போல ஓடினால் இலைப்பேன்தான். சிலந்திப் பேன் வெறுங்கண்ணுக்கு எட்டாது.

உவர்மண் கொல்லை:
மேல்நோக்கித்தான் அண்ணே. தாளில் ஓடுது. வேப்பெண்ணெய் அடிச்சேன், இலை கருகிப்போச்சு.

குண்டுமிளகாய்:
கருகியதற்குக் காரணம் உங்கள் தண்ணீர். உவர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துவிடும். எண்ணெய் கலக்காமல் மேலே மிதந்து, விசிறும்போது துளித்துளியாக இலையில் உட்காரும். வெயில் பட்டதும் அந்த இடம் கருகும். ஊருணித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோதான் கலக்க வேண்டும்.

எண்ணெயை விட்டு வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு வாருங்கள். 10 லிட்டருக்கு 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு. ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்தியது சரியாக இருக்கும், போன வருடக் கொட்டையில் வீரியம் இருக்காது. இடித்து, துணியில் தளர்வாக முடிந்து, 3 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் பால் வருவது நிற்கும்வரை பிழிந்து, வடிகட்டி, 10 லிட்டராக்குங்கள். காதி சோப்பு 50 கிராமைத் தனியே கரைத்துச் சேருங்கள். அன்று மாலையே, தேனீ போன பிறகு, கொழுந்தும் இலையடியும் நனைய அடியுங்கள். மறுநாளுக்கு வைத்தால் வேலை செய்யாது. வாரம் ஒரு முறை, மூன்று தடவை அடித்துப் பாருங்கள். பூச்சியை உடனே சாகடிக்கிற மருந்தில்லை இது; தின்பதையும் வளர்வதையும் தடுக்கும். ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது, புதுக் கொழுந்தைப் பார்த்துத்தான் பலனை முடிவு செய்ய வேண்டும்.

வரப்பில் அகத்தி போடுங்கள், நிழலில் இலைப்பேன் அடங்கும். மிளகாயோடு வெங்காயம் ஊடுபயிர் வேண்டாம், இரண்டுக்கும் இலைப்பேன் வரும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் செடி நுனிக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிக் கம்பி வலைக் கூடு போட்டு வையுங்கள். ஓணானும் தேன்சிட்டும் ஒட்டாது. கடல்காற்றில் மணல் படிந்துவிட்டால் பசை பிடிக்காது, மாற்றிவிட வேண்டும்.

பனைவிடலி:
ஒன்று விட்டுப்போயிற்று. மீன் கழிவைச் செடியடியில் மேலாகப் புதைக்காதீர்கள். எலியும் நாயும் தோண்டும். இரண்டடி ஆழம் வேண்டும். பறவைக்குத் தண்ணீர் வைத்தால் இரண்டு அங்குல ஆழத் தட்டில், நடுவே ஒரு கல் போட்டு வையுங்கள். தினமும் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். கொசு முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.