குற்ற உளவியல் கட்டுரை: நீக்கிய வரியை மீட்டமைத்துவிட்டார்கள், என்ன செய்வது?

வெண்பா22:
எம்.எஸ்சி. உளவியல் முதலாண்டு படிக்கிறேன். குற்ற உளவியல் பற்றிய விக்கிக் கட்டுரை ஒன்றை மதிப்பிட்டுத் திருத்த வேண்டும், மதிப்பெண் உண்டு. நான் எடுத்த கட்டுரையில் இப்படி ஒரு வரி: “சிறுவயதில் படுக்கையை நனைப்பது, தீ வைப்பது, விலங்குகளைக் கொடுமைப்படுத்துவது மூன்றும் இருந்தால் அவர் தொடர்கொலையாளி ஆவார்.” மேற்கோளாக நிற்பது ஏதோ ஒரு திகில் கதைத் தளம். வரியை நீக்கினேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மீட்டமைத்துவிட்டார். “மேற்கோளுள்ள தகவல் நீக்கம்” என்று காரணம் வேறு. மறுபடி நீக்கினால் தடை போடுவார்களா? வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

பழைய தொகுப்பாளர்:
தடை உடனே வராது. ஆனால் புதுக் கணக்கிலிருந்து திரும்பத் திரும்ப நீக்கினால் விஷமத்தனம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உரையாடல் பக்கத்தில் அந்தப் பயனரை அழைத்துப் பேசுங்கள். அப்புறம், அந்த வரியை ஏன் நீக்க வேண்டும்? பெயர் பெற்ற கருத்து அது. தேடி வருபவர்கள் இருப்பார்கள். யார் சொன்னார், யாரை ஆராய்ந்து சொன்னார், பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். “ஆவார்” தானாகக் காணாமல் போகும்.

வெண்பா22:
சொன்னவர் மனநல மருத்துவர் ஜான் மெக்டொனால்ட், 1963. அவருடைய கட்டுரையைக் கல்லூரி நூலகக் கணக்கில் எடுத்துவிட்டேன். அவர் பார்த்தது கொலோராடோ மனநல மருத்துவமனையில் 100 நோயாளிகளை. கொலை செய்வேன் என்று மிரட்டியவர்கள்! தொடர்கொலையாளிகளை வைத்து நடந்த ஆய்வே இல்லை அது. இதை அப்படியே எழுதலாமா?

பழைய தொகுப்பாளர்:
100 பேர், எந்த மருத்துவமனை, மிரட்டியவர்கள்: இதெல்லாம் எழுதலாம். “ஆகவே இந்தக் கருத்து தவறு” என்று நீங்கள் முடிக்கக் கூடாது, அது சொந்த ஆய்வு, விக்கியில் ஏற்க மாட்டார்கள். மறுத்துச் சொல்வதற்கு, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மீளாய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டுங்கள். மெக்டொனால்டே பின்னால் செய்த ஆய்வில் இந்தத் தொடர்பை உறுதிசெய்ய முடியவில்லை, அதையும் சேருங்கள். முதலில் மணல்தொட்டியில் (உங்கள் பயிற்சிப் பக்கத்தில்) எழுதிப் பாருங்கள்.

வார்டு அக்கா:
நான் குழந்தைகள் பிரிவில் செவிலி. படுக்கையை நனைப்பது பற்றி ஒரு வரி கண்டிப்பாக வேண்டும் தங்கச்சி. ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இது உண்டு; பெரும்பாலும் வளர வளரத் தானாக நின்றுவிடும். அந்தக் கட்டுரையைப் படிக்கிற அம்மாவின் நிலையை யோசித்துப் பார். ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாள்.

வெண்பா22:
சேர்க்கிறேன் அக்கா. மணல்தொட்டியில் எழுதியது: “1963இல் மனநல மருத்துவர் ஜான் மெக்டொனால்ட், கொலை மிரட்டல் விடுத்த 100 நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களில் மிகக் கொடூரமான மனப்போக்கு உடையவர்களிடம் இம்மூன்றும் அடிக்கடி காணப்பட்டதாகக் குறிப்பிட்டார்.” சரியா?

பழைய தொகுப்பாளர்:
நன்றாக இருக்கிறது. 1966இல் ஹெல்மன், பிளாக்மன் இருவரும் 84 கைதிகளை ஆராய்ந்தார்கள். வன்முறைக் குற்றம் சாட்டப்பட்ட 31 பேரில் முக்கால்வாசிப் பேரிடம் இம்மூன்றும், அல்லது இவற்றில் சில, இருந்ததாகச் சொன்னார்கள். உங்கள் வாதத்துக்கு எதிரானது என்று அதை விட்டுவிடாதீர்கள். விட்டால் மீட்டமைத்தவர் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பார்.