பூங்கா பணியாளருக்குப் பென்ஷன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஒரு உள்ளாட்சிப் பூங்காவில் என் சித்தப்பா தோட்ட வேலை பார்க்கிறார். செடிக்குத் தண்ணீர், ஊஞ்சலுக்கு எண்ணெய், ராத்திரி கேட் பூட்டுவது எல்லாம் அவர்தான். ஆனால் ஆவணத்தில் அவர் யாருடைய ஆள் என்பதுதான் புரியவில்லை. 2001-இல் தினக்கூலியாகச் சேர்ந்தார். அப்புறம் அதே பூங்கா, அதே மண்வெட்டி, சம்பளம் மட்டும் ஒப்பந்ததாரர் கையில்.

1.4.2003-க்கு முன் பணி வரன்முறை ஆனவர்களுக்குத்தான் (அதாவது நிரந்தரப் பணியில் சேர்க்கப்பட்டவர்களுக்குத்தான்) தினக்கூலிக் காலத்தில் பாதி பென்ஷனுக்குச் சேரும் என்கிறது தமிழ்நாடு ஓய்வூதிய விதி 11. சித்தப்பா அப்படி ஆகவில்லை, அதனால் அந்த வழி அடைப்பு. மிச்சம் பி.எஃப். பென்ஷன், 10 வருட சேவை இருந்தால் 58 வயதில் கிடைக்கும். பாஸ்புக்கைப் பார்த்தால் பழைய ஒப்பந்ததாரர் காலத்தில் பல மாதங்கள் காணோம். பிடித்தம் மட்டும் மாதம் தவறாமல் நடந்திருக்கிறது!

ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர்தான், அதாவது ஒப்பந்ததாரரை அமர்த்திய நிர்வாகம்தான், பொறுப்பு என்கிறார்கள். அப்படியானால் புகாரை யார் மேல் எழுதுவது? சம்பளச் சீட்டு கிடையாது. வருகைப் பதிவேட்டின் நகலை ஆர்.டி.ஐ.யில் வாங்கினால் செல்லுமா? 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்கிற 1981-ஆம் வருடச் சட்டத்தைக் காட்டி, பூங்கா ஆட்கள் யாராவது ஜெயித்திருக்கிறீர்களா? அடுத்த வருஷம் அவருக்கு 58. கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.